‘காணவில்லை’ புகாரும் ஒரு நீதிபதியின் பாடமும்

2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 377-ஆவது பிரிவு பற்றிச் சொன்ன தீர்ப்பைப் போன முறை பார்த்தோம். வெள்ளைக்காரன் 1860-இல் எழுதிவைத்த சட்டம் அது. வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றமில்லை என்று ஆக அத்தனை காலம் பிடித்தது. “அதோட எல்லாம் சரியாயிடுச்சா?” என்று சிலர் கேட்டிருந்தீங்க. ஆகலை. குற்றம் இல்லை என்பது வேறு, பாதுகாப்பு இருக்கு என்பது வேறு. இன்னைக்கு அந்த இடைவெளியைப் பற்றித்தான் பேசப்போறேன்.

வீட்டை விட்டு வெளியேறும் ஒரு ஜோடியைப் பிடிக்க 377 தேவையே இல்லை. ‘மகளைக் காணவில்லை’ என்று ஒரு புகார் போதும். எஃப்.ஐ.ஆர். போட்டாச்சுன்னா தேடிப் பிடிக்க வேண்டியது போலீஸ் வேலை. பிடித்த பிறகு, அந்தப் பெண்ணுக்கு இருபது வயதைத் தாண்டியிருந்தாலும், பெற்றோர் கையில் ஒப்படைப்பதுதான் வழக்கம் மாதிரி ஆகிவிடுகிறது.

2021-இல் இப்படித்தான் நடந்தது. மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் சென்னைக்கு வந்து சேர்ந்து வாழ்ந்தாங்க. இரண்டு வீட்டிலும் புகார், இரண்டு எஃப்.ஐ.ஆர். விசாரணை என்று போலீஸ் வீட்டு வாசலுக்கு வந்தபோது, அந்தப் பெண்கள் பாதுகாப்பு கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க.

வழக்கைக் கேட்டவர் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். இந்த விஷயம் தனக்கே முழுசாப் புரியவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். பெண்களையும் பெற்றோரையும் உளவியல் ஆலோசகரிடம் அனுப்பியதோடு நிற்காமல், தானும் போய் உட்கார்ந்து கேட்டார். நீதிபதி நாற்காலியில் இருப்பவர் மாணவராக மாறிய அந்தக் காட்சி நம் நீதிமன்ற வரலாற்றில் அபூர்வம்.

2021 ஜூன் 7-இல் வந்த உத்தரவு அந்த இரண்டு பேரோடு முடியவில்லை. ‘காணவில்லை’ புகாரில் தேடப்படுபவர்கள் வயது வந்த, மனமொத்துச் சேர்ந்திருக்கும் பால்புதுமையர் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடித்துவிட வேண்டும். ‘மாற்றிக்காட்டுகிறேன்’ என்று சொல்லும் சிகிச்சைக்குத் தடை. ஒதுங்க இடமில்லாதவர்களுக்குத் தங்குமிடம்.

நான் முக்கியமாக நினைப்பது அடுத்து வந்ததைத்தான். 2022-இல் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒன்றைச் சேர்த்தது. பால்புதுமையரையோ அவர்களுக்காக வேலை செய்பவர்களையோ காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்கிறது அந்த விதி. அதே ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம், அந்த ‘மாற்றும்’ சிகிச்சை தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியல் ஒன்றும் அரசிதழில் வந்தது. கொச்சை வார்த்தையில் எழுதப்படும் புகாருக்கு நியாயமான விசாரணை எங்கே நடக்கும், சொல்லுங்க?

2023 அக்டோபரில் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தக் கதவு மூடியபோதும் சென்னையில் இன்னொன்று திறந்தது. பெற்றோர் பிடியில் இருந்த 25 வயதுப் பெண்ணுக்காக அவர் தோழி போட்ட ஆட்கொணர்வு மனுவில், 2025 மே மாதம், திருமணம் மட்டுமே குடும்பத்தை உண்டாக்கும் வழியல்ல என்றது உயர் நீதிமன்றம். அந்தப் பெண் தன் விருப்பப்படி தோழியோடு போனார்.

ஆனாலும் விதி புத்தகத்தில் இருப்பது ராத்திரி பத்து மணிக்கு ஸ்டேஷனில் தானாக வந்து நிற்காது. நாம்தான் சொல்லணும். அதனால் சில விஷயங்களை மனசுல வச்சுக்குங்க. வயதுக்கான சான்றின் நகல் கையில் இருக்கட்டும். ‘என் விருப்பத்தில் வந்தேன்’ என்று எழுத்தில் கொடுங்க. 24-சி என்ற எண்ணைச் சொல்லுங்க. 15100-க்குப் போன் செய்தால் சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவி கிடைக்கும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வழக்கறிஞர் உண்டு.

இந்த எபிசோட் யாருக்குத் தேவைப்படும் என்று உங்களுக்குத் தோணுதோ, அவங்களுக்கு அனுப்பி வைங்க. அடுத்த முறை சந்திப்போம்.