முளையைத் தள்ளினால் கொடி ஏறும்: காலப் பயண கேமும் நெய்வேலியும்

இந்த எபிசோடுல நாம பேசப்போறது ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: ஓரக்கிள் ஆஃப் ஏஜஸ்’ கேமைப் பற்றி. 2001 பிப்ரவரி 27-ல் ஜப்பானில், கையடக்கமான கேம் பாய் கலர் கருவிக்காக வெளிவந்தது. நிண்டெண்டோவுக்காக உருவாக்கியது கேப்காமின் துணை நிறுவனமான ஃபிளாக்ஷிப். இயக்கியவர் ஹிதேமாரோ ஃபுஜிபயாஷி. 2017-ல் வந்த ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’ கேமுக்கும் இவர்தான் இயக்குநர்.

முதல்ல திட்டம் மூணு கேம். ஒண்ணுல கிடைக்கிற பாஸ்வேர்டை இன்னொண்ணுல போட்டா கதை தொடரணும். மூணையும் இப்படிக் கோர்க்கிறது ரொம்ப சிக்கலானதால ஒண்ணைக் கைவிட்டாங்க. மிச்ச ரெண்டும் ஒரே நாளில் வந்துச்சு: ‘சீசன்ஸ்’ சண்டைக்கு, ‘ஏஜஸ்’ புதிருக்கு.

புதிர் எப்படின்னா, லாப்ரின்னாங்கிற ஒரே நாடு ரெண்டு காலத்துல இருக்கும். யாழை மீட்டினா காலம் மாறும். பாறை மேல ஏற வழியில்லையா? கடந்த காலத்துக்குப் போய் ஒரு சின்ன முளையைப் பாறையடிக்குத் தள்ளி வைக்கணும். திரும்பி வந்தா அது கொடியா ஏறியிருக்கும். இன்னைக்கு அடைபட்ட வழிக்குச் சாவி, அதே இடத்தின் நேற்றில் இருக்கு.

நான் வளர்ந்தது நெய்வேலி டவுன்ஷிப்பில். எனக்கு இந்தப் புதிர் புதுசா தெரியலை. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கறுப்பா ஏதோ வெளிப்பட்டது. 1956-ல் நிறுவனம் உருவானது. 1957 மே 20-ல் சுரங்க வேலையை நேரு தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி எட்டியது. அதுக்கு அடியில் நீர் அழுத்தத்தோட நிற்குது. அதை இறைச்சு அழுத்தத்தைக் குறைச்சாத்தான் வெட்ட முடியும். மேலே இருந்த கிராமங்கள் வேற இடத்துக்குப் போயின. அந்தக் கரியில வந்த கரண்டுல எத்தனையோ வீட்டு விளக்கு எரிஞ்சது.

2023 ஜூலையில் வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்துக்காக, வளர்ந்து நின்ன நெற்பயிருக்கு நடுவே கால்வாய் வெட்டினாங்க. எதிர்ப்பு பெரிசா கிளம்பியது. கேம்ல தப்பான இடத்துக்கு முளையைத் தள்ளினா, யாழை எடுத்துட்டு மறுபடி போகலாம். இங்கே அந்த வசதி கிடையாது. நாளைக்கு இந்த மண்ணில் நிற்கப்போறவங்களுக்கு, நம்ம இன்னைதான் கடந்த காலம். அவங்களால திரும்பி வந்து எதையும் நகர்த்த முடியாது. முளையை எங்கே வைக்கிறதுன்னு முடிவெடுக்க வேண்டியது நாமதான்.