கட்டைக் கணக்கு

பெரிய மோட்டாருக்கான ‘பி’ லைசன்ஸ் எடுத்துவிட்டேன் என்று வீட்டில் சொன்ன அன்று அம்மா கேட்டது ஒரே கேள்விதான்.

“இருக்கற மோட்டாருக்கு என்னா கொறச்சல்?”

நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் மோட்டார் என்றால் கப்சாய். அப்பா தோட்டத்தில் இருந்த காலத்தில் ஹோண்டா சி70, தாமானுக்குக் குடிவந்த பிறகு இஎக்ஸ்5. மார்க்கெட், பள்ளிக்கூடம், கோயில், சாவு வீடு எல்லாவற்றுக்கும் அதுவே போதுமாக இருந்தது. இந்த நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டாரில் போனவர்கள். அம்மாவுக்கு அந்தக் கணக்கு தெரியாது. எங்கள் தாமானில் அப்படிப் போன மூன்று பையன்களின் பெயர் தெரியும். நான் பதில் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துவிட்டேன்.

நான் வாங்கியது 1986இல் செய்த ஒரு பி.எம்.டபிள்யூ. ஆர்80ஆர்டி. என்னைவிடப் பதினொரு வயது மூத்தது. தைப்பிங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வைத்திருந்தார். முட்டி வலி வந்து காலூன்றி நிறுத்த முடியாமல் போனதால் விற்றார். சாவியோடு ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்தார். எந்தத் தேதியில் எண்ணெய் மாற்றினார், எந்த வால்வை எவ்வளவு இடைவெளிக்கு வைத்தார், எந்த ஊரில் டயர் வாங்கினார் என்று இருபது வருடக் கணக்கு அதில் இருந்தது. வண்டியைவிட அந்த நோட்டுதான் என்னை முதலில் மயக்கியது என்று சொல்லலாம். நான் இயந்திரவியல் படித்தவன். நான்கு வருடப் படிப்பில் இப்படி ஒரு புத்தகத்தை யாரும் என் கையில் கொடுத்ததில்லை.

வண்டியின் கதையைத் தோண்டத் தொடங்கியபோது அது ஆகாயத்தில் போய் நின்றது. பி.எம்.டபிள்யூ. முதலில் விமான எஞ்சின் செய்த கம்பெனி. முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி இனி விமான எஞ்சின் செய்யக்கூடாது என்று 1919இன் வெர்சாய் ஒப்பந்தம் தடை போட்டது. பிழைப்புக்காகச் செய்த பல பொருள்களில் ஒன்று, இரண்டு சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும் ஒரு சிறிய எஞ்சின். அதை வாங்கிய மோட்டார் கம்பெனிகள் ஒரு சிலிண்டர் முன்னாலும் மற்றது பின்னாலும் இருக்கும்படி மாட்டினார்கள். முன்னால் இருந்ததற்குக் காற்று கிடைத்தது. பின்னால் இருந்தது வெந்தது.

விமான எஞ்சின்களை வடிவமைத்த மாக்ஸ் ஃபிரிட்ஸ் என்ற பொறியாளரிடம் இந்தப் பிரச்சினை வந்தது. அவர் செய்தது ஒன்றுதான்: எஞ்சினை அப்படியே கால்வட்டம் திருப்பினார். இரண்டு சிலிண்டர்களும் வண்டியின் இரு பக்கமும் காதுபோல் நீட்டிக்கொண்டன. இரண்டுக்கும் சமமான காற்று. இன்னொரு லாபமும் வந்தது. கிராங்க் இப்போது வண்டியின் நீளவாக்கில் சுற்றியதால் செயின் இல்லாமல் ஓர் இரும்புத் தண்டின் வழியாகவே பின்சக்கரத்துக்கு விசையை அனுப்ப முடிந்தது. 1923இல் வந்த ஆர்32இன் எஞ்சின் 494 சிசி, 8.5 குதிரைத்திறன். என் வண்டி 798 சிசி, 50 குதிரைத்திறன். இடையில் 63 வருடங்கள். ஆனாலும் ஆர்32ஐப் பார்த்தவன் என் வண்டியைப் பார்த்தால் பேரனை அடையாளம் கண்டுகொள்வான்.

50 குதிரைத்திறன் என்றால் சிரிப்பவர்கள் உண்டு. இன்றைய 250 சிசி பந்தய ரக வண்டிகளில் சில அதை எட்டிவிடுகின்றன. தூரப் பயணத்துக்கு முதலில் வேண்டியது வேறு. எழுபதுகளின் நடுப்பகுதிவரை நெடும்பயணம் போகிறவர்கள் வண்டியை வாங்கி, காற்றை மறைக்கும் முன்கூட்டைத் தனியாக வேறிடத்தில் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். 1975இல் அமெரிக்கச் சாலைகளுக்கென்று வந்த ஹோண்டா கோல்ட் விங்கூட வெறும் உடம்போடுதான் வந்தது. 1976இல் வந்த பி.எம்.டபிள்யூ. ஆர்100ஆர்எஸ்ஸின் முன்கூடு இத்தாலியில் பினின்ஃபரினாவின் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து வடிவமைக்கப்பட்டது. இரண்டு வருடம் கழித்து இன்னும் உயரமான, அகலமான கூட்டோடு ஆர்டி வகை வந்தது. என் வண்டி அந்த வழியில் வந்தது. செய்த இடம் மேற்கு பெர்லினின் ஸ்பாண்டாவ். நாலாபுறமும் எல்லை சூழ்ந்து, சுவர் இன்னும் நின்றுகொண்டிருந்த நகரத்தில் இருந்து தூரம் போவதற்கென்றே ஒரு வண்டி வந்திருக்கிறது.

அந்தக் கூட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து முதல்முறை மழையில் ஓட்டியபோதுதான் அதன் அருமை தெரிந்தது. ரவாங்கில் பிடித்த மழை. கப்சாயில் போயிருந்தால் பாலத்தடியில் ஒதுங்கியிருப்பேன். இதில் தோள்பட்டையும் முட்டியின் ஓரமும் மட்டும் நனைந்தன. கைகள் சூடாக இருந்தன. கீழே எஞ்சின் உலைபோல நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த மனம் வரவில்லை.

குறையும் உண்டு. காற்றால் குளிரும் எஞ்சின் நின்றால் சூடேறும். மாலை ஐந்து மணிக்கு ஜாலான் துன் ரசாக்கில் மாட்டிக்கொண்டால் வண்டியும் வேகும், ஓட்டுகிறவனும் வேகுவான். கியர் மாற்ற அவசரப்படக் கூடாது. நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் வண்டி வலப்பக்கம் லேசாகச் சாயும். கூட்டமான உணவகத்தின் முன்னால் முதல்முறை அதைச் செய்து மானம் போகப் பார்த்தது.

ஆனால் அது எதையும் ஒளிப்பதில்லை. ஞாயிறு காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒரு பக்க மூடியைக் கழற்றுவேன். உள்ளே போகும் வால்வுக்கு 0.10 மில்லிமீட்டர், வெளியேற்றும் வால்வுக்கு 0.20. மெல்லிய தகட்டை இடைவெளியில் நுழைத்து இழுத்தால் விரலுக்கு ஒரு தடை தெரிய வேண்டும். இறுக்கமும் இல்லாமல் தளர்வும் இல்லாமல். புதிய வண்டிகளில் இந்த வேலைக்குப் பாதி உடம்பைக் கழற்ற வேண்டும். இதில் சிலிண்டர் வாசலிலேயே நிற்கிறது. வேலையிடத்தில் நான் திரையில் பார்த்து ஒப்பமிடும் எந்த அளவையும் என் விரல் அறிந்ததில்லை. இந்த 0.10 மில்லிமீட்டரை மட்டும் அறியும்.

அப்பா ஐந்தடி தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார். தோட்டத்து ரப்பர் ஆலையில் எஞ்சின் ஆளாக இருந்தவர். பிறகு லாரி ஓட்டினார். ஒரு ஞாயிறு, பேப்பரை மடித்துவிட்டுச் சொன்னார்.

“ஸ்லிம் ரிவர்ல ஒரு எடம் பாக்கணும். காருல போனா தெரியாது. இதுல போலாமா?”

நெடுஞ்சாலையில் மோட்டாருக்கு டோல் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்றேன். அப்பா வேண்டாம் என்றார். “பழைய ரோட்லயே போ.”

வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறந்தது 1994இல். என் வண்டி செய்யப்பட்ட வருடம் ஜொகூரிலிருந்து வடக்கே போகிறவனுக்கு முதல் எண் கூட்டரசுச் சாலைதான் பெரிய வழி. அந்தச் சாலையின் வேகம் வேறு. ரவாங், செரண்டா, தஞ்சோங் மாலிம் என்று ஒவ்வோர் ஊரும் நடுவில் வந்து நிற்கும். பள்ளிக்கூடம், சூராவ், மாரியம்மன் கோயில், ஒட்டுக்கடை. மணிக்கு எழுபது, எண்பதில் என் வண்டி தனக்குப் பிடித்த சத்தத்தில் ஓடியது. அப்பா பின்னால் சாய்ந்து, இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு வந்தார். கப்சாயில் எப்போதும் அவர்தான் முன்னால். அவரைப் பின்னால் வைத்து நான் ஓட்டியது அன்றுதான் முதல்முறை.

பேராங் தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை. சத்தம் உடைந்தது. ஓரம் கட்டினேன். பிளக், வயர் என்று நான் மனத்துக்குள் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா தண்ணீர் போத்தலைத் திறந்து, சிலிண்டரிலிருந்து புகைக்குழாய் வெளியே வரும் இடத்தில் இரு பக்கமும் சில துளி தெளித்தார். வலப்பக்கம் சுர்ரென்று ஆவியானது. இடப்பக்கம் சும்மா வழிந்தது.

“இந்தப் பக்கம் வேல செய்யல.”

இடப்பக்கக் கார்பரேட்டரின் கிண்ணத்தை ஒரு கம்பிக் கவ்விதான் பிடித்திருக்கிறது. விரலால் தள்ளினால் கிண்ணம் கையில் வரும். ஸ்பானர்கூட வேண்டாம். கிண்ணத்தின் அடியில், பெட்ரோலுக்குக் கீழே, கண்ணாடி மணிபோல் தண்ணீர் உருண்டது. தப்பு என்னுடையது. மழைக்காலத்தில் ஒன்றரை மாதம் டேங்க்கைப் பாதி காலியாக வைத்து வண்டியை நிறுத்தியிருந்தேன். உள்ளே இருந்த காற்றின் ஈரம் தண்ணீராக இறங்கிவிட்டது. கொட்டி, துடைத்து, திரும்ப மாட்டினேன். பத்து நிமிடம். அப்பா எதுவும் சொல்லவில்லை. போத்தலில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தார்.

அவர் பார்க்க விரும்பிய இடம் ஒரு சிறிய வாய்க்கால் பாலம். தாத்தா பி.டபிள்யூ.டி.யில் ரோடு போடும் ஆள். பாட்டி தோட்டத்தில் பால்வெட்டு. இந்த நாட்டின் சாலையிலும் ரயில் பாதையிலும் கூலி வேலை பார்த்தவர்களில் பெரும்பங்கு தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று நான் படித்திருக்கிறேன். அப்பாவுக்கு அது படித்துத் தெரிந்த செய்தி இல்லை. பத்து வயதில் தாத்தாவுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோய், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்தப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருப்பாராம்.

“பட்டணம் தாண்டி நாலு கட்டை.”

நாலு கட்டை என்றால் நாலு மைல். 6.4 கிலோமீட்டர். மைல் கற்கள் போய்க் கிலோமீட்டர் பலகைகள் வந்து பல காலம் ஆகிவிட்டது. வண்டியின் பயண மீட்டரைப் பூச்சியத்துக்குத் திருப்பினேன். 6.4 வந்தபோது இரு பக்கமும் செம்பனை. பாலம் இல்லை. அப்பா இறங்கிச் சுற்றிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. “மறந்துட்டனோ என்னமோ,” என்றார்.

எனக்கு அப்போதுதான் இந்த இடத்தின் போர்க்கதை நினைவுக்கு வந்தது. 1942 ஜனவரி 7ஆம் தேதி, விடியுமுன் ஜப்பானிய டாங்கிகள் இந்தச் சாலை வழியாகத்தான் இறங்கின. சாலையை நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுகள் ரப்பர் மரங்களுக்குள் கிடந்தன. டாங்கிகள் அந்த வளைவுகளில் புகுந்து தடுப்புகளைச் சுற்றி வந்தன. 11வது இந்திய டிவிஷன் சிதறியது. நான்கு நாளில் கோலாலம்பூர் விழுந்தது. அப்படியென்றால் இந்தச் சாலையை அந்தக் காலத்திலேயே நேராக்கியிருக்கிறார்கள். அப்பாவின் சிறுவயதுக்குப் பிறகும் நேராக்கியிருப்பார்கள். வளைவை வெட்டினால் தூரம் குறையும். அப்பாவின் நாலு கட்டை இன்றைய சாலையில் நாலு கட்டையாக இருக்காது. அவருடைய கணக்கு சரி. சாலைதான் குட்டையாகிவிட்டது. நாங்கள் இடத்தைத் தாண்டி வந்துவிட்டோம்.

திரும்பி இரண்டாவது கியரில் ஊர்ந்தோம். காரில் இந்த வேகத்தில் போனால் பின்னால் ஹாரன் அடிப்பார்கள். மோட்டாரில் ஓரமாகப் போகலாம், தலையைத் திருப்பிப் பார்க்கலாம். மீட்டர் கணக்கில் பட்டணத்திலிருந்து 5.9 இருக்கும் இடத்தில் அப்பா என் தோளைத் தட்டினார். புல் மூடிய ஒரு தார்த் துண்டு சாலையைவிட்டுப் பிரிந்து செம்பனைக்குள் வளைந்து போனது. இருபதடி நடந்தால் பாலம். முழங்கால் உயரச் சுவர், பாசி, கீழே கலங்கல் தண்ணீர். அரை கிலோமீட்டர் வித்தியாசத்துக்குக் காரணம் இந்த வளைவும், வழியில் நாங்கள் கவனிக்காத இதன் கூட்டாளிகளும்தான்.

அப்பா சுவரைக் கையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். தாத்தா எந்தப் பக்கம் உட்காருவார், தார் காய்ச்சும் டின் எங்கே இருக்கும், மதியம் யார் யார் வருவார்கள் என்று சொன்னார். நான் கேட்டிராத பெயர்கள். தோட்டம் கைமாறி, லயத்து வீடுகளை இடித்து, ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு பட்டணத்துக்குப் போனபோது அந்தப் பெயர்களும் போய்விட்டன. கால்மணி நேரத்துக்குமேல் அப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

பழைய வண்டியில் என்ன சுகம் என்று நண்பர்கள் கேட்கும்போது எனக்குச் சுருக்கமாகச் சொல்ல வருவதில்லை. அது போகிற வேகத்தில் சாலை தெரிகிறது. நின்றுபோனால் ஏன் நின்றது என்று நம் கையாலேயே கண்டுபிடிக்க முடிகிறது. சாலை என்றால் எனக்கு அதுவரை வரைபடத்தில் ஒரு கோடும் போகிற நேரமும்தான். அதை யாரோ ஒருவர் தூக்குச்சட்டிச் சோறு தின்று போட்டார் என்பதை இந்த வண்டி காட்டிக்கொடுத்தது. 

திரும்பும்போது இருட்டிவிட்டது. அம்மா வாசலில் நின்றிருந்தார். அப்பா இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, அவரிடம் எதையோ சொல்லிக்கொண்டே உள்ளே போனார். பாலத்தைப் பற்றித்தான் இருக்க வேண்டும். பாதி வழியில் திரும்பி என்னைப் பார்த்தார்.

“டேங்க்க நெறப்பிட்டு வந்து நிறுத்து.”

நான் மறுபடியும் வண்டியைக் கிளப்பி, முனையில் இருந்த பெட்ரோல் நிலையத்துக்குப் போனேன்.