கரடியின் முன் மனிதன்: துப்பாக்கியிலிருந்து மிளகாய்த் தெளிப்பான் வரை

1967ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 12ஆம் திகதி இரவுக்கும் 13ஆம் திகதி விடியலுக்கும் இடைப்பட்ட சில மணித்தியாலங்களில், ஐக்கிய அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்திலுள்ள கிளேசியர் தேசியப் பூங்காவில் இரு மரணங்கள் நிகழ்ந்தன. மலைக்காட்டின் வெவ்வேறு இரு இடங்களில் திறந்த வெளியில் உறங்கிக்கொண்டிருந்த, 19 வயதேயான இரு யுவதிகள், இரண்டு வெவ்வேறு கிறிஸ்லிக் கரடிகளால் கொல்லப்பட்டனர். 1910இல் நிறுவப்பட்ட அந்தப் பூங்காவில் அதுவரையிலான 57 ஆண்டுகளில் கிறிஸ்லிக் கரடியால் ஓர் உயிர்கூடப் பறிபோனதில்லை.

கரடிகள் வாழும் காட்டுக்குள் செல்பவர் தம்மைக் காத்துக்கொள்ள எதனை ஏந்திச் செல்ல வேண்டும் என்ற கேள்வி அமெரிக்காவுக்குப் புதியதல்ல. ஆயினும், அந்தக் கேள்வி ஆராய்ச்சிக்குரியதாக மாறியது அந்த ஓர் இரவுக்குப் பின்னரேயாகும். கனடாவில் வாழும் எம்மவர்கள் பலர் கோடை விடுமுறையில் றொக்கி மலைப் பிரதேசங்களுக்குக் குடும்பத்துடன் செல்கின்ற இக்காலத்தில், இந்த வரலாறு எமக்கும் அந்நியமானதல்ல.

துப்பாக்கியின் காலம்

மிசூரி நதிவழியே மேற்கு நோக்கிச் சென்ற லூயிஸ், கிளார்க் ஆகியோரின் பயணக் குழு 1805ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் கிறிஸ்லிக் கரடிகளை எதிர்கொண்டது. ஒருமுறை சுட்டால் மீண்டும் மருந்து திணிக்க வேண்டிய துப்பாக்கிகளே பெரும்பாலும் அவர்களிடம் இருந்தன. அவ்வாண்டு மே மாதம் ஆறு வேட்டைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு கரடியைச் சுட்டனர். குண்டுகள் பாய்ந்த பின்னரும் அது அவர்களைத் துரத்தியது. இருவர் துப்பாக்கிகளை வீசிவிட்டு உயர்ந்த கரையிலிருந்து ஆற்றில் குதிக்க, கரடியும் பின்னால் குதித்தது. இறுதியில் கரையிலிருந்த ஒருவர் தலையில் சுட்டே அதனை வீழ்த்தினார். அதன் உடலில் எட்டுக் குண்டுகள் பாய்ந்திருந்தன.

பின்னர் தொடர்ந்து சுடக்கூடிய துப்பாக்கிகள் வந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. 1800ஆம் ஆண்டளவில் அலாஸ்கா நீங்கலான இன்றைய அமெரிக்க நிலப்பரப்பில் ஏறத்தாழ 50,000 கிறிஸ்லிக் கரடிகள் வாழ்ந்ததாக மதிப்பிடப்படுகிறது. வேட்டை, நஞ்சு, கால்நடைப் பண்ணைகளின் விரிவாக்கம் ஆகியவற்றால் அவை அழிந்து, எஞ்சியவை ஆயிரத்துக்கும் குறைவென்ற நிலையில், 1975இல் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றன. துப்பாக்கி மனிதரைக் காத்ததா என்பது விவாதத்துக்குரியது. அது கரடியை ஏறத்தாழ இல்லாமற் செய்தது என்பதில் ஐயமில்லை.

குப்பை மேடுகளின் காலம்

எஞ்சிய கரடிகளுக்குப் புகலிடமாயிருந்த தேசியப் பூங்காக்களில் வேறொரு தவறு நடந்துகொண்டிருந்தது. 1872இல் நிறுவப்பட்ட யெலோஸ்ரோன் பூங்காவில், விடுதிகளின் உணவுக் கழிவுகளைக் கரடிகள் உண்ணும் காட்சி மாலைநேர வேடிக்கையாக நடத்தப்பட்டது. பார்வையாளர்கள் அமர்வதற்கு வரிசை ஆசனங்களும் அமைக்கப்பட்டிருந்தன. அந்தக் காட்சிகள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நின்றுபோயின. ஆனால் குப்பை மேடுகள் தொடர்ந்தன. வீதியோரத்தில் வாகனங்களிலிருந்து உணவு கொடுக்கும் பழக்கமும் தொடர்ந்தது. 1931 முதல் 1969 வரையில் யெலோஸ்ரோனில் ஆண்டுக்குச் சராசரியாக 48 பேர் கரடிகளால் காயமடைந்தனர் என்கின்றன பூங்கா நிர்வாகத்தின் பதிவுகள்.

கிளேசியர் மரணங்களின் பின்னணியிலும் இதுவே இருந்தது. ஓரிடத்தில், விடுதியின் அருகே கொட்டப்பட்ட கழிவுகளை உண்ண இரவுதோறும் வந்த கரடிகளை விருந்தினர்கள் கண்டுகளித்தனர். மற்றைய இடத்தில், அந்தக் கோடை முழுவதும் முகாம்களுக்குள் புகுந்து உணவைத் தேடிய கரடியொன்று பற்றி முன்னரே முறைப்பாடுகள் இருந்தன. மனிதரையும் உணவையும் ஒன்றாக எண்ணப் பழகிய கரடி, மனிதருக்கு அஞ்சுவதை மறந்துவிடுகிறது.

யெலோஸ்ரோனின் கடைசிக் குப்பை மேடு 1970இல் மூடப்பட்டது. அங்கு 1959 முதல் ஆய்வு நடத்திய பிராங்க், ஜோன் கிரெய்க்ஹெட் என்னும் இரட்டைச் சகோதரர்கள், அவற்றைப் படிப்படியாகவே மூட வேண்டுமென வாதிட்டனர். நிர்வாகம் அதனை ஏற்கவில்லை. உணவிழந்து முகாம்களைத் தேடிவந்த கரடிகள் பல கொல்லப்பட்டன. அந்த விலை கொடிதாயினும் நீண்டகாலப் பலன் தெளிவானது. 1960களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் வருகைகளைக் கண்ட பூங்கா, 2023இல் 45 இலட்சம் வருகைகளைக் கண்டது. கரடியால் காயமடைவோரின் தொகையோ ஆண்டுக்கு ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. இந்த வீழ்ச்சியின் பெரும்பகுதியை ஈட்டியது எந்த ஆயுதமும் அல்ல. பூட்டக்கூடிய குப்பைத் தொட்டியும் உணவை ஒழுங்காகப் பேணும் விதியுமேயாகும்.

மிளகாயின் வருகை

ஆயினும், உணவை எவ்வளவு கவனமாக வைத்தாலும், குட்டிகளுடன் நிற்கும் தாய்க் கரடியைப் பாதையின் திருப்பத்தில் திடீரெனச் சந்திக்கும் ஆபத்து எஞ்சியே இருக்கிறது. அந்தக் கணத்துக்கு என்ன வழி? 1980களில் மொன்ரானாப் பல்கலைக்கழகத்தில், சார்ள்ஸ் ஜொன்கெல் என்ற கரடி ஆய்வாளரின் மாணவியான கரி ஹன்ட், பிடிக்கப்பட்ட கரடிகளிடம் பல்வேறு விரட்டும் பொருட்களைப் பரிசோதித்தார். அவற்றுள் சிறந்த பலனைத் தந்தது மிளகாயின் காரச் சத்தான கப்சைசின் ஆகும். 1980களின் பிற்பகுதியில் அது கையடக்கக் குப்பிகளில் விற்பனைக்கு வந்தது.

ஆங்கிலப் பெயரைப் பின்பற்றி இதனை 'மிளகு ஸ்பிரே' எனத் தமிழில் எழுதுவோர் உளர். அதில் இருப்பது எமது மிளகு அல்ல, மிளகாய். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து போர்த்துக்கேயர் வழியாக எமது சமையலறைக்கு வந்த அதே மிளகாய்தான், தன் பிறந்த கண்டத்தின் காடுகளில் காவலுக்கு நிற்கிறது. குப்பியிலிருந்து அது முகிலாக வெளிப்படுவதால் குறிபார்த்துச் சுடும் திறமை தேவையில்லை. கரடியின் கண்களையும் மூச்சையும் சிறிது நேரம் முடக்கி, உயிருக்குச் சேதமின்றித் திருப்பி அனுப்புகிறது.

புள்ளிவிபரங்கள் கூறுவது

ரொம் ஸ்மித், கல்கரிப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஹெரேரோ முதலியோர் அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்த 83 தெளிப்பான் சம்பவங்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டனர். பழுப்புக் கரடிகளிடம் 92 வீதமான சந்தர்ப்பங்களில் அது பலனளித்திருந்தது. கிறிஸ்லியும் பழுப்புக் கரடி இனத்தைச் சேர்ந்ததே. தெளிப்பான் வைத்திருந்தோரில் 98 வீதமானோர் காயமின்றித் தப்பினர். காயமடைந்த மூவருக்கும் ஏற்பட்டவை பாரதூரமற்ற காயங்களே.

அதே குழுவினர் 1883 முதல் 2009 வரையான 269 துப்பாக்கிச் சம்பவங்களை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டனர். கைத்துப்பாக்கிகள் 84 வீதமும், நீண்ட துப்பாக்கிகள் 76 வீதமும் பலனளித்திருந்தன. ஆனால் துப்பாக்கியைப் பயன்படுத்தியோருக்கும், கையிலிருந்தும் பயன்படுத்தாதோருக்கும் இடையே காயமடையும் வீதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மணிக்கு 55 கிலோமீற்றர் வேகத்தில் பாய்ந்துவரும் விலங்கின் முன் நேரம் போதாமை, பாதுகாப்புப் பூட்டைத் திறக்க மறத்தல், குறி தவறுதல் என்பன தோல்விக்கான காரணங்களுட் சில.

இவ்விரு ஆய்வுகளையும் அப்படியே அருகருகே வைத்து ஒப்பிடுவது முறையாகாது. தெளிப்பான் சம்பவங்களில் பாய்ந்துவந்த கரடிகளோடு, வெறும் ஆர்வத்தால் நெருங்கியவையும் அடங்கும். நேர்மையாகக் கூறக்கூடியது இதுதான்: பயிற்சி பெற்ற ஒரு சிலரை விடுத்தால், சாதாரணப் பயணிக்குத் தெளிப்பானே உகந்தது. சட்டமும் இங்கு வேறுபடுகிறது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் துப்பாக்கி வைத்திருப்பதற்கு 2010 பெப்ரவரி முதல் இடமளிக்கப்பட்டது. விந்தை என்னவெனில், அந்த ஏற்பாடு கடனட்டைகள் பற்றிய 2009ஆம் ஆண்டுச் சட்டமொன்றுடன் இணைத்து நிறைவேற்றப்பட்டமையாகும். கனடாவின் தேசியப் பூங்காக்களிலோ சாதாரணப் பயணிகள் துப்பாக்கி கொண்டுசெல்ல முடியாது. கரடித் தெளிப்பானுக்கு அனுமதியுண்டு.

குப்பியின் எல்லை

தெளிப்பான் மந்திரக்கோல் அல்ல. அதனைப் பயணப் பையின் அடியில் வைத்தால் பயனில்லை. இடுப்பிலோ மார்பிலோ, கை உடனே எட்டுமிடத்தில் இருக்க வேண்டும். குறைந்தது 25 அடி தூரம் எட்டி, 6 வினாடிகளாவது தொடர்ந்து வெளியேறும் குப்பியையே வாங்குமாறு நிபுணர் குழுக்கள் கூறுகின்றன. விமானத்தில் அதனைக் கொண்டுசெல்ல முடியாது என்பதால், சென்றடைந்த ஊரிலேயே வாங்க வேண்டும். நுளம்பு மருந்துபோலக் கூடாரத்தின்மீதோ உடலின்மீதோ பூசுவது பேதைமை. காய்ந்த மிளகாயின் வாசனை கரடியை விரட்டாது, ஈர்க்கும் என்பதை ஸ்மித் 1998இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

2023 செப்டெம்பரில் கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் அனுபவம் மிக்க இருவரும் அவர்களது நாயும் கிறிஸ்லியொன்றால் கொல்லப்பட்டனர். அவர்களது உணவு விதிப்படி உயரத்தில் கட்டப்பட்டிருந்தது; அருகில் பயன்படுத்தி முடிந்த தெளிப்பான் குப்பியும் கிடந்தது. அந்தக் கரடி, பற்கள் தேய்ந்து மெலிந்த முதிய பெண் கரடி எனப் பின்னர் தெரியவந்தது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்களும் இறக்கலாம் என்பதை மறைப்பது வாசகருக்குச் செய்யும் துரோகமாகும்.

எமது வன்னிக் காடுகளிலும் கரடி உண்டு. இலங்கையில் எஞ்சியுள்ள கரடிகள் ஆயிரத்துக்கும் குறைவென்றே மதிப்பிடப்படுகிறது. தேனுக்கும் விறகுக்கும் காட்டுக்குள் செல்லும் ஏழை, கோடரியை மட்டுமே நம்பிச் செல்கிறார். ஓய்வுக்காகக் காடு செல்லும் அமெரிக்கருக்குக் கிட்டிய ஆய்வும் குப்பியும் அவருக்கு இன்னும் கிட்டவில்லை.

இருநூறு ஆண்டு கால அனுபவத்தில் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. முதலில் உணவையும் கழிவையும் கரடிக்கு எட்டாமல் வைப்பது. அடுத்து, கூட்டமாக, குரல் கொடுத்தபடி நடப்பது. அதன் பின்னரே கையில் எதை ஏந்துவது என்ற கேள்வி. கடைக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகின்றனர். கிளேசியரில் அந்த இரு யுவதிகளின் உயிரைக் காத்திருக்கக்கூடியது, அந்த இரவில் ஒரு துப்பாக்கியைக் காட்டிலும், அதற்கு முந்திய வாரங்களில் மூடப்பட்ட ஒரு குப்பைத் தொட்டியே.