துவைத்துக் கொடுப்பதா, அப்படியே கொடுப்பதா?

எங்கள் படிப்பு வட்டத்துக்கு வரும் அக்கா ஒருவர் சென்ற மாதம் ஒரு சந்தேகம் கேட்டார். அவருடைய அம்மா பழைய புடவைகளையும் பேரன் போட்டுக் கழித்த சட்டைகளையும் வெட்டி, மூன்று மாதம் உட்கார்ந்து கையாலேயே ஒரு போர்வை தைத்திருக்கிறார். அக்காவின் மகளோடு வேலை பார்க்கும் பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அதற்குப் பரிசு. "துவைச்சுக் கொடுக்கலாமா, அப்படியே கொடுக்கலாமா தோழர்?" என்றவர், கொஞ்சம் தயங்கி இதையும் சொன்னார்: "அவங்க வேற ஆளுங்க. நாம கொடுத்ததை எப்படியும் ஒரு தடவை தண்ணியில போட்டுத்தான் வீட்டுக்குள்ள எடுப்பாங்க."

அழுக்கைப் பற்றிய கேள்விக்குள் தீட்டைப் பற்றிய கேள்வி ஒன்று ஒளிந்திருந்தது. நான் உடனே பதில் சொல்லவில்லை. நினைவுக்கு வந்ததெல்லாம் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் தைத்த போர்வைகள்தான்.

ஹேரியட் பவர்ஸ் 1837இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பின், விவிலியக் கதைகளைத் துணித் துண்டுகளில் உருவங்களாக வெட்டி ஒட்டி ஒரு போர்வை தைத்தார். 1886இல் ஏதென்ஸ் நகரப் பருத்திக் கண்காட்சியில் அதைப் பார்த்த ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளையின ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். பவர்ஸ் தர மறுத்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்து வறுமை நெருக்கியது. மாட்டு வண்டியில் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஆசிரியையின் வீட்டு வாசலில் போய் இறங்கினார். சுத்தமான மாவுப் பையில் போர்வையை இட்டு, அதற்கு மேல் ஒரு சாக்கையும் சுற்றியிருந்தார். பத்து டாலர் கேட்டார், கிடைத்தது ஐந்து. பிறகும் பலமுறை அந்த வீட்டுக்குப் போய்த் தன் போர்வையைப் பார்த்துவிட்டு வந்தாராம். இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த மாவுப் பையை என்னால் மறக்க முடிவதில்லை. பொக்கிஷத்தைப் பொதிகிற அக்கறை அதில் இருக்கிறது. வெள்ளைக்காரர் வீட்டு வாசலில் நிற்கப்போகிறோம், ஒரு தூசிகூட இருக்கக் கூடாது என்ற கவனமும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நல்ல சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு தாலுகா ஆபீஸ் போனவர்களுக்கு இது புரியும்.

அடுத்தது அலபாமா மாநிலம், வில்காக்ஸ் மாவட்டம். 1965 டிசம்பரில் பிரான்சிஸ் வால்டர் என்ற வெள்ளையினப் பாதிரியார், மனித உரிமைப் பணிக்காக அந்தப் பக்கம் காரில் போகிறார். ஒரு குடிசை முன்னால் கொடிக்கயிற்றில் போர்வைகள் காய்கின்றன. பார்த்து அசந்துபோய் இறங்கி நடக்கிறார். அந்த வீட்டுப் பெண் அவரைக் கண்டதும் காட்டுக்குள் ஓடிவிடுகிறார். வாசலைத் தேடி வரும் வெள்ளை முகம் நல்லதற்கு வராது என்பதே அவர்களின் அனுபவம். மறு ஆண்டு, 1966இல், 'ஃப்ரீடம் குயில்டிங் பீ' என்ற பெண்கள் கூட்டுறவு அமைப்பு உருவானது. வாக்காளராகப் பதிவு செய்ததற்காகக் குத்தகை நிலத்தைவிட்டு விரட்டப்பட்ட குடும்பங்கள் இருந்த பகுதி அது. (பக்கத்து மாவட்டமான லவுண்டெஸில்தான் அதே காலத்தில் கறுஞ்சிறுத்தை தேர்தல் சின்னமானது. 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எடுத்துக்கொண்ட பெயரின் ஊற்று அங்கே இருக்கிறது.) அந்தக் கதையே தோய்த்துக் காயப்போட்ட போர்வையில் தொடங்கியது.

அதே மாவட்டத்து ஊர் ஜீஸ் பெண்ட். அங்கே 1942இல், கணவர் இறந்த பிறகு, மிசூரி பெட்வே அவருடைய வேலை உடுப்புகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு போர்த்திப் படுக்க. வயலில் வெயில் பட்டு வெளுத்த துணி அது. அந்த வெளுப்பு எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

இனி நம் பக்கம் திரும்ப வேண்டும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நமக்குச் சொன்ன ஊர், கசக்குவதற்குத் தன் குளத்தில் இறங்க விட்டதில்லை. சரி. ஆனால் நம் துணியைக் கசக்கியது யார்? புதிரை வண்ணார்கள். நம் வீட்டுப் பிள்ளைப்பேற்றுத் துணி, மாதவிலக்குத் துணி, சாவு வீட்டுத் துணி எல்லாம் அவர்கள் கையில் போட்டுவிட்டு, கூலியாகச் சோறு போட்டோம். திருநெல்வேலிச் சீமையில் அவர்கள் கண்ணில் பட்டாலே தீட்டு என்று, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே துவைக்க வைக்கப்பட்டதை 1932 டிசம்பரில் இந்து நாளிதழ் எழுதியது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது நம்மில் சிலருக்குக் கோபம் வந்தது. வந்திருக்க வேண்டியது வெட்கம்.

ஜார்ஜியாவிலும் துவைத்தவர்கள் கறுப்பினப் பெண்கள். 1881இல் அட்லாண்டாவின் சலவைப் பெண்கள் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கைது செய்தும் அபராதம் போட்டும் அசைக்க முடியவில்லை. துவைப்பது உழைப்பு, அதற்கு விலை உண்டு என்று நகரத்துக்குச் சொன்னார்கள். நம் சேரிகளில் அதை நாம் ஏற்றுக்கொள்ள எத்தனை காலம் ஆனது!

அக்காவிடம் நான் சொன்னது இதுதான். துவைத்தே கொடுங்கள். பச்சைக் குழந்தை படுக்கப்போகிறது. மூன்று மாதம் கையில் புரண்ட துணியில் சாக்குக்கட்டிக் கோடும் வியர்வையும் இருக்கும். முதலில் ஈர வெள்ளைத் துணியால் ஒவ்வொரு துண்டையும் அழுத்திப் பாருங்கள், சிவப்பும் கருநீலமும் சாயம் விடும். பச்சைத் தண்ணீரில், கையால், முறுக்காமல் பிழிந்து, நிழலில் விரித்துக் காயப்போடுங்கள். அவர்கள் மறுபடி நனைத்தால் நனைக்கட்டும், அதற்குப் பயந்து நாம் துவைக்கவும் வேண்டாம், துவைக்காமல் விடவும் வேண்டாம். துவைக்கிற வேலையை மட்டும் மருமகள் தலையில் கட்டாதீர்கள்.

போன வாரம் கூப்பிட்டார். போர்வை காய்ந்துவிட்டதாம். அம்மா ஓரத்தில் சிவப்பு நூலில் தன் பெயரைத் தைக்க ஆசைப்படுகிறார், தைக்கலாமா என்று கேட்டார். தைக்கச் சொன்னேன், நூல் சாயம் போகுமா என்று ஒரு தடவை நனைத்துப் பார்த்துவிட்டு.