பாவமும் குற்றமும்

பாவம் வேறு, குற்றம் வேறு. பாவத்தை உணர்த்துவது மனச்சாட்சி. குற்றத்தைத் தண்டிப்பது அரசு. பொய் பேசுதல் எல்லாச் சமயங்களுக்கும் பாவமே. ஆயினும் பொய் பேசியவரையெல்லாம் சிறையில் அடைக்கும் நாடு உலகில் இல்லை. பாவங்களுள் எவற்றை அரசு குற்றமாகக் கொள்ளல் வேண்டும், எவற்றை மனிதனின் சித்தத்துக்கும் அவனைப் படைத்தவனுக்கும் விட்டுவிடல் வேண்டும் என்ற வினா மிகப் பழமையானது. கிறிஸ்தவ உலகில் அவ்வினா மிகக் கூர்மையாக எழுந்த இடங்களுள் ஒன்று கருச்சிதைவு.

இது நமக்கு அயலான வரலாறு அன்று. தமிழகத்தை விட்டு டில்லிக்கோ மும்பைக்கோ கொல்கத்தாவுக்கோ சென்று குடியேறிய நம்மவர்க்கு மொழி மாறுகிறது, உணவு மாறுகிறது, அண்டை அயலார் மாறுகின்றனர். குற்றச் சட்டம் மாறுவதில்லை. 1860ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1862ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, கருச்சிதைவு செய்விப்பவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்றது. கருவிலுள்ள குழந்தை உயிர்ப்புற்று அசையும் நிலையை அடைந்திருந்தால், ஏழு ஆண்டு வரை சிறை என்றது. தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டது மட்டும் குற்றமாகாது. ஒரே செயலுக்கு ஏன் இரு தண்டனைகள்? கரு அசைவதற்கு முன், அசைந்த பின் என்ற இந்தக் கோட்டை முதலில் வரைந்தவர் யார்? அதனை அறிய நாம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

யூதரின் திருமறையில் யாத்திராகமம் என்னும் நூலின் 21ஆம் அதிகாரத்தில் ஒரு வழக்கு கூறப்படுகிறது. இருவர் சண்டையிடுகையில் அருகிலிருந்த கர்ப்பிணி ஒருத்திக்கு அடிபட்டுக் கரு வெளிப்பட்டுவிடுகிறது. வேறு தீங்கு நேராவிடில், அடித்தவன் அபராதம் செலுத்தினால் போதும். தீங்கு நேர்ந்தால், உயிருக்கு உயிர். தீங்கைக் குறிக்கும் எபிரேயச் சொல்லைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'சேதம்' என்று தருகிறது.

கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில், எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில், கிரேக்க மொழி பேசிய யூதர்களுக்காக இந்நூல் பெயர்க்கப்பட்டது. பெயர்த்தவர்கள் இவ்விடத்தில் சேதம் என்ற கருத்தை விட்டு, உருவம் என்ற கருத்தை வைத்தனர். வெளிப்பட்ட கரு உருவம் நிரம்பாததாயின் அபராதம். உருவம் நிரம்பியதாயின் உயிருக்கு உயிர் என்று பொருள் மாறிற்று. எபிரேய மூலத்தில் இல்லாத ஒரு கோடு மொழிபெயர்ப்பில் தோன்றிவிட்டது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம் போன்றோர் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்காமல் இருக்க இயலாது. ஒரு சொல் இடம் மாறினால் ஒரு வாக்கியம் மாறும் என்பதை நாம் அறிவோம். இங்கோ பல நூற்றாண்டுகளின் நீதியே மாறியது.

முதல் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் இந்தக் கிரேக்கத் திருமறையையே வாசித்தனர். ஆயினும் கருச்சிதைவு தீது என்பதில் அவர்களுக்கு ஐயமிருந்ததில்லை. 'திதாகே' எனப்படும் மிகப் பழைய போதனை நூல் அதனைத் தெளிவாக விலக்கிற்று. 197ஆம் ஆண்டளவில் வட ஆப்பிரிக்காவில் எழுதிய தெர்த்துல்லியன், மனிதனாகப் போவதும் மனிதனே என்று வாதிட்டார். ஆனால் தண்டம் யாது என்பதில் அவர்கள் ஒரே நிலையில் நிற்கவில்லை. 314ஆம் ஆண்டில் அங்கீரா நகரில் கூடிய திருச்சபைச் சங்கம், இச்செயல் புரிந்த பெண்களை வாழ்நாள் முழுவதும் விலக்கிவைத்த பழைய விதியைத் தளர்த்திப் பத்து ஆண்டுத் தவமாகக் குறைத்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பசிலியார் என்னும் ஆயர், உருவம் நிரம்பியது நிரம்பாதது என்ற நுணுக்கமே தமக்கு வேண்டாம் என்று எழுதினார். எனினும் தவத்தின் அளவைக் காலத்தைக் கொண்டன்றி, மனந்திரும்புதலின் தன்மையைக் கொண்டே தீர்மானிக்குமாறு அறிவுரை கூறினார். பாவத்தைப் பெரிதென்று சொல்லிப் பாவியைப் பரிவோடு நடத்தும் வழி அது.

இந்நிலையில் நாம் சந்திக்கும் பெரியார் அகஸ்தீன். 354ஆம் ஆண்டு முதல் 430ஆம் ஆண்டு வரை வாழ்ந்தவர். மேற்குக் கிறிஸ்தவத்தின் சிந்தனையை உருவாக்கியவர். அவர் பயன்படுத்திய பழைய லத்தீன் பெயர்ப்பு கிரேக்கத்தைப் பின்பற்றியது. எனவே அந்த உருவக் கோடு அவருடைய கையையும் வந்தடைந்தது. உருவம் நிரம்பாத கருவின் அழிவைத் திருமறையின் சட்டம் கொலையாக எண்ணவில்லை என்று அவர் விளக்கினார். அச்செயலை அவர் கண்டித்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் கருவில் மனித உயிர் எப்பொழுது தொடங்குகிறது என்பது தமக்குத் தெரியாது என்று வேறோரிடத்தில் வெளிப்படையாகவே எழுதினார்.

அவர் காலத்திலேயே ஜெரோம் என்னும் அறிஞர் எபிரேய மூலத்திலிருந்து புதிதாக லத்தீனில் பெயர்த்தார். அதில் உருவக் கோடு இல்லை. தாய் பிழைத்தாளா, மாண்டாளா என்பதே வினா. ஆயினும் பழைய கோடு மறையவில்லை. அகஸ்தீனின் பெயரோடு அது நிலைத்துவிட்டது.

அகஸ்தீன் எழுதிய மற்றொரு நூல் சித்த சுதந்திரத்தைப் பற்றியது. தீமை எங்கிருந்து வந்தது என்ற வினாவுக்கு விடை காண அவர் அதனைத் தொடங்கினார். மனிதன் தன் சித்தத்தால் இசைந்து செய்வதே பாவம். கட்டாயத்தால் நிகழ்வது பாவமாகாது என்பது அதன் அடிப்படை. அந்நூலின் முதற் பகுதியிலேயே நம் பொருளுக்கு உயிரான ஒரு கருத்து வருகிறது. மக்களை ஆளும் சட்டம் பலவற்றைத் தண்டியாது விட்டுவிடுகிறது. அவற்றை இறைவனின் நீதி கவனித்துக்கொள்ளும். சட்டம் எல்லாவற்றையும் செய்யவில்லை என்பதால் அது செய்வன தவறாகிவிடா என்பதே அக்கருத்து. சித்தம் சுதந்திரமுள்ளது என்று நிறுவப் புகுந்த நூல், சட்டத்துக்கு எல்லை உண்டு என்பதையும் உடன் கூறியது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இக்கருத்தை எடுத்து விரித்தார். சட்டம் நிறைவுற்ற சான்றோருக்காக மட்டும் செய்யப்படுவதன்று. குறைகள் நிறைந்த பெருந்திரளான மக்களுக்காகச் செய்யப்படுவது. எனவே அது எல்லாத் தீயொழுக்கங்களையும் தடுக்க முற்படலாகாது; பெரியவற்றை, அதிலும் பிறருக்குத் தீங்கு செய்வனவற்றை மட்டும் தடுத்தால் போதும் என்றார். எடுத்துக்காட்டாக அவர் கூறியவை கொலையும் களவும். அவரும் அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, கருவில் அறிவுள்ள ஆன்மா படிப்படியாகவே வந்து சேருகிறது என்று கருதினார். பின்னாளில் எழுந்த வழக்கு முழுவதும் இவ்விரு கருத்துகளுக்கு இடையே நிற்கிறது. கருச்சிதைவு கொலையேயாயின், அக்குவினாஸின் அளவுகோலின்படியே சட்டம் அதனைத் தடுத்தாக வேண்டும். கொலையன்றாயின், அது சட்டம் மனச்சாட்சிக்கு விட்டுவிடக்கூடிய தீமைகளுள் அடங்கலாம். இரு தரப்பினரும் ஒரே ஆசிரியரிடமிருந்து தத்தம் வாதத்தைப் பெற்றனர்.

திருச்சபையின் சட்டமும் இக்கோட்டைச் சுற்றியே அசைந்தது. 1588ஆம் ஆண்டில் ஐந்தாம் சிக்ஸ்துஸ் என்னும் போப்பாண்டவர் கோட்டை நீக்கி, எந்நிலையிலும் கருச்சிதைவுக்குக் கடுந்தண்டம் விதித்தார். மூன்றே ஆண்டுகளில், 1591ஆம் ஆண்டில், பதினான்காம் கிரகோரி கோட்டைத் திரும்பக் கொணர்ந்தார். 1869ஆம் ஆண்டில் ஒன்பதாம் பயஸ் அதனை மீண்டும் நீக்கினார். மார்ட்டின் லூதர் 1525ஆம் ஆண்டில் எராஸ்முஸை மறுத்து, மனித சித்தம் கட்டுண்டது என்று எழுதினார். அவர் வழியில் சென்ற சீர்திருத்தச் சபையாருக்குச் சட்டம் தீயவரை அடக்கும் கடிவாளமாகத் தோன்றிற்று. அவர்களுள் ஒருவரான கால்வின், யாத்திராகமத்தின் அதே வசனத்துக்கு உரை எழுதுகையில், கருப்பையிலுள்ளதும் மனிதனே என்று கொண்டு கடுமையாகப் பேசினார்.

இங்கிலாந்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிராக்டன், நீதிபதியாகவும் குருவாகவும் இருந்தவர். உருவமும் உயிர்ப்பும் பெற்ற கருவை அழித்தல் கொலை என்று அவர் பெயரால் வழங்கும் சட்டநூல் கூறுகிறது. திருச்சபையின் கோடு அரசனின் நீதிமன்றத்துள் நுழைந்தது இவ்வாறே. நாளடைவில் உருவம் என்பது அசைவு என்றாயிற்று. வயிற்றில் பிள்ளை புரளுவதைத் தாய் உணரும் நாளே எல்லையாகக் கொள்ளப்பட்டது. 1803ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாளுக்குப் பின் செய்யப்பட்டதற்கு மரண தண்டனையும், முன் செய்யப்பட்டதற்குக் குறைந்த தண்டனையும் விதித்தது. 1837ஆம் ஆண்டில் இங்கிலாந்து அக்கோட்டை அழித்துவிட்டது. வியப்பு யாதெனில், இங்கிலாந்து விட்டொழித்த அக்கோட்டை, இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின் இந்தியாவுக்கென இயற்றப்பட்ட சட்டத்தில் இடம்பெற்றது!

இந்தியச் சட்டத்தின் முதல் வரைவை 1837ஆம் ஆண்டில் அளித்தது மெக்காலேயின் ஆணைக்குழு. கருச்சிதைவுப் பிரிவைப் பற்றி அக்குழு தன் குறிப்புகளில் அச்சம் தெரிவித்திருந்தது. இத்தகைய சட்டம் இந்நாட்டில் இழிந்த நோக்கங்களுக்குப் பயன்படுத்தப்படலாம். நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டும் ஒரு குடும்பத்தின் மானத்தில் கறையை விட்டுச் செல்லும் என்று அது எச்சரித்தது. ஆயினும் பிரிவு நின்றது.

இருபதாம் நூற்றாண்டில் பழைய வினா மீண்டும் எழுந்தது. 1965ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் திருச்சபையின் குழு ஒன்று, சில நிலைகளில் கருச்சிதைவை அனுமதிக்கலாம் என்று ஆய்ந்து எழுதியது. 1967ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சட்டம் தளர்ந்தது. அமெரிக்காவின் தென்பகுதி பாப்டிஸ்டு சபையார் 1971ஆம் ஆண்டில் வரையறுத்த சில நிலைகளில் அனுமதிக்கும் சட்டத்தை ஆதரித்தனர். 1980ஆம் ஆண்டில் அதற்கு மாறான தீர்மானம் செய்தனர். கத்தோலிக்கத் திருச்சபை 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், ஆன்மா எப்பொழுது சேருகிறது என்ற வினாவைத் தீர்க்காமலே, ஐயம் உள்ள இடத்திலும் உயிரை அழிக்கத் துணிதல் தகாது என்று உரைத்தது. சட்டம் சிலவற்றைத் தண்டியாது விடலாம்; ஆனால் தீமையை உரிமை என்று அறிவிக்க அதனால் இயலாது என்றும் கூறியது. அகஸ்தீனின் பழைய குரலே அங்கும் கேட்கிறது. அத்திருச்சபையே 2016ஆம் ஆண்டில், இப்பாவத்தை அறிக்கையிடுவோருக்கு மன்னிப்பு அளிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருமாருக்கும் நிலையாக வழங்கிற்று.

சட்டம் கடுமையாய் நின்ற இடத்தில் விளைந்ததையும் கூறல் வேண்டும். அயர்லாந்து 1983ஆம் ஆண்டில் கருவின் உயிருரிமையைத் தன் அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்டது. 2012ஆம் ஆண்டில் அங்குப் பணிபுரிந்த இந்தியப் பெண் பல்மருத்துவர் ஒருவர், கரு பிழைக்காது என்று தெரிந்த நிலையிலும் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, நச்சுக் குருதியால் மருத்துவமனையில் மாண்டார். தாயகம் கடந்து சென்றவர் அவர். 2018ஆம் ஆண்டு மே மாதம் அந்நாட்டு மக்கள் வாக்களித்து அவ்விதியை நீக்கினர். வாக்களித்தவருள் நூற்றுக்கு 66 பேருக்கு மேல் நீக்குதலை ஆதரித்தனர். அமெரிக்காவிலோ, 1973ஆம் ஆண்டில் உயர்நீதி பீடம் ஏற்ற உரிமையை, 2022ஆம் ஆண்டில் அப்பீடமே விலக்கிக்கொண்டது.

நம் நாட்டில் 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், மருத்துவர் கருத்துக்கு உட்பட்டு இருபது வாரம் வரை அனுமதி தந்தது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் சில வகையினருக்கு அதனை இருபத்துநான்கு வாரமாக்கிற்று. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் பழைய தண்டனைச் சட்டம் மறைந்து பாரதீய நியாய சங்கிதை வந்தது. அதன் 88ஆம் பிரிவில் அந்தப் பழைய கோடு அப்படியே இருக்கிறது. மருத்துவச் சட்டம் திறந்துவைத்த வாயிலுக்கு வெளியே, அலெக்சாந்திரியாவின் அந்த இரு நிலைகள் இன்றும் நம் நாட்டில் தண்டனையை அளக்கின்றன.

இவ்வரலாற்றில் ஒன்று நம் நெஞ்சை உறுத்துகிறது. யாத்திராகமத்தில் அந்தப் பெண் அடிபட்டவள். அவளுக்காகவே அபராதமும் தண்டனையும் கூறப்பட்டன. 312ஆம் பிரிவின் விளக்கமோ, தனக்குத்தானே கருச்சிதைவு செய்துகொள்ளும் பெண்ணும் குற்றவாளியே என்றது. இன்றைய 88ஆம் பிரிவும் அவ்வாறே கூறுகிறது. நீதி கோரி நின்றவள் காலப்போக்கில் கூண்டில் நின்றாள். சித்த சுதந்திரத்தைப் பற்றி இத்துணை நூற்றாண்டுகள் எழுதிய அறிஞர்கள், கருவைச் சுமப்பவளின் சித்தம் யாது, அவளை நெருக்கிய கட்டாயம் யாது என்று வினவியது அரிது. அவள் சம்மதமின்றிச் செய்தால் தண்டனையைக் கூட்டியது 1860ஆம் ஆண்டுச் சட்டம். அவள் சம்மதமின்றிக் கருக்கலைப்பே செய்யலாகாது என்று விதித்தது 1971ஆம் ஆண்டுச் சட்டம்.

கருவிலுள்ள உயிரைப் போற்றுவோர் தம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. அந்நம்பிக்கை ஆழமானது, பழமையானது, மதிப்பிற்குரியது. ஆனால் இது பாவமா என்ற வினாவும், இதற்காக ஒருத்தியைச் சிறையில் அடைக்கலாமா என்ற வினாவும் வெவ்வேறானவை என்பதைக் கிறிஸ்தவப் பெரியோர்களே நமக்குக் கற்றுத் தந்துள்ளனர். முதல் வினாவுக்கு உறுதியான விடை வைத்திருப்போரும் இரண்டாம் வினாவைத் தனியாக எடுத்து, பசிலியாரைப் போல் எதிரே நிற்பவளின் முகத்தைப் பார்த்துப் பின் விடை கூறுதல் நன்று.