ரஜூலா தொட்ட துறைகள்

ஈப்போவில் நம் பெரியவர்கள் இருவர் புதிதாகச் சந்தித்தால், முன்பெல்லாம் முதல் கேள்வி "எந்த ஊர்?" என்பதாக இருக்கும். அடுத்தது, "எந்தக் கப்பல்?" பலருடைய பதில் 'ரஜூலா'. 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல், இடையில் வந்த போர்க்காலம் நீங்கலாக, 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய்வந்து கொண்டிருந்தது.

நாகையில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க ஆழம் போதாது. நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளைப் படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். நாகூர் தர்காவில் துஆச் செய்துவிட்டுப் படகேறியவர்கள் பலர். டெக் டிக்கெட்காரருக்குக் கட்டில் கிடையாது. பாய் விரித்த இடமே வீடு, தகரப்பெட்டியே தலையணை. நாள்கணக்கில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாது. சோழர் கல்வெட்டு நக்கவாரம் என்று குறிக்கும் நிக்கோபார் தீவுகளுக்கும் சுமத்திராவுக்கும் நடுவே புகுந்து கப்பல் பினாங்கை அடையும்.

கப்பலில் அம்மையோ காலராவோ கண்டால் நேராக ஊருக்குள் விடமாட்டார்கள். பக்கத்திலுள்ள ஜெரெஜாக் தீவில் தனித்து வைத்துவிடுவார்கள். மலாயாவில் முதலில் மிதித்த மண் அந்தத் தீவுதான் என்று சொன்னவர்கள் நம்மிடையே இருந்தார்கள். (பின்னாளில் அதுவே சிறைத் தீவானது.)

பினாங்கில் இறங்கியவருக்கு அந்நியம் தோன்றவில்லை. சூலியா வீதி, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், நாகூர் ஆண்டகையின் பெயரால் ஒரு தர்கா, எல்லாம் அங்கே இருந்தன. சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவிலும் 1830-ஐ ஒட்டி ஒரு நாகூர் தர்கா எழுந்தது. நம்மவர்கள் இறங்கிய இரண்டு தீவுகளிலும் நாகூர் முன்னரே வந்து காத்திருந்தது. அங்கிருந்து படகில் அக்கரைக்குப் போய், பிறையில் ரயிலேறி, ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் வந்தார்கள்.

தோட்டத்து வரலாறு எழுதுவோர் நம்மை அதிகம் கண்டுகொள்வதில்லை. காரணம் உண்டு. ரப்பர்த் தோட்டத்துக்கு ஆள் சேர்த்து அனுப்பும் செலவுக்கு அரசு நிதி இருந்தது, ஆகவே கணக்கும் இருந்தது. நம்மவர்களில் பெரும்பாலோர் கைக்காசிலோ உறவினர் அனுப்பிய பணத்திலோ டிக்கெட் எடுத்தவர்கள். தோட்டத்து மளிகைக் கடையிலும், துணிமூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு லயம் லயமாகப் போனதிலும் அவர்கள் வாழ்க்கை கழிந்தது. பற்று நோட்டில் அடுத்தவர் பெயரை எழுதினார்கள். தங்கள் பெயரை எங்கும் எழுதி வைக்கவில்லை.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும், மலர்களில் வழக்கமாக இது வருவதில்லை. அந்த சபுராளிகளில் மிகப் பலர் தனியாக வந்தவர்கள். மனைவி கடையநல்லூரிலோ இராமநாதபுரத்துச் சிற்றூரிலோ இருந்தார். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கப்பல் ஏறிப் போவார்கள். பிள்ளை வாப்பாவை அடையாளம் தெரியாமல் அழும். சிலர் இங்கும் ஒரு குடும்பம் அமைத்தார்கள். 1953-இல் குடிநுழைவுச் சட்டம் இறுகியது. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் கட்டாயமாயிற்று. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த எத்தனையோ பேர் கடையை ஒப்படைத்துவிட்டு, வந்த வழியே திரும்பினார்கள்.

ரஜூலாவுக்குப் பின் 'சிதம்பரம்' ஓடியது. 1985-இல் அதில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர். கப்பல் பயணமும் அத்தோடு நின்றது. நம் வீடுகளில் சில தகரப்பெட்டிகள் இன்னும் கிடக்கின்றன. அவற்றுள் டிக்கெட்டோ பழைய பாஸ்போர்ட்டோ இருந்தால் சங்கச் செயலாளரிடம் ஒரு நகல் கொடுங்கள். ஊரில் இருந்துவிட்ட பாட்டியின் பெயரையும் அதன் பின்னால் எழுதிக் கொடுங்கள்.