சிறுகோள் கண்டுபிடிப்பின் உரிமை: ஷின் ஹிராயாமாவை முன்னிட்ட ஒரு நோக்கு

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஞாயிற்றைச் சுற்றிவரும் சிறுகோள்களுள் 498ஆம் எண்ணுடையது ‘டோக்கியோ’ என்றும், 727ஆம் எண்ணுடையது ‘நிப்போனியா’ என்றும் பெயர் பெற்றுள்ளன. இரண்டும் யப்பானை நினைவூட்டும் பெயர்களே. ஆயினும் முன்னதைக் கண்டவராகப் பிரான்சு நாட்டு ஷார்லுவாவும், பின்னதைக் கண்டவராக ஜேர்மனியரான மாசிங்கரும் பதியப்பட்டுள்ளனர். இம்முரண்பாட்டின் காரணத்தை ஆராய்வதே எமது நோக்கமாகும்.

டோக்கியோவின் அசாபுப் பகுதியில் 1888இல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வானியல் அவதான நிலையம் நிறுவப்பட்டது. 1868இற் பிறந்த ஷின் ஹிராயாமா அங்குப் பணியாற்றிப் பிற்காலத்தில் அதன் தலைவராகவும் விளங்கினார். சிறுகோள்களைப் புகைப்படத் தகடுகளிற் காணும் முறையை 1891இல் ஹைடல்பேர்க்கின் மாக்ஸ் வொல்ஃப் தொடக்கிவைத்தார். நெடுநேரம் ஒளிபடுத்திய தகட்டில் உடுக்கள் புள்ளிகளாகவும், நகருஞ் சிறுகோள் சிறு கோடாகவும் பதியும். ஹிராயாமா 1900 மார்ச்சு மாதத்தில் இரு சிறுகோள்களைக் கண்டார்.

எனினும் கண்டமாத்திரத்தே உரிமை கிட்டுவதில்லை. பல நாள் அவதானங்களைக் கொண்டு ஒழுக்கைக் கணித்தாலன்றி, மறைந்த கோளை மீளக் காணல் அரிது. 1801இல் பியாற்சி கண்ட சீரிசும் ஞாயிற்றின் ஒளியில் மறைந்தது. கவுசின் கணிப்பே அதனை மீட்டது. ஹிராயாமாவின் கோள்களுக்கோ திட்டமான ஒழுக்குக் கிடைக்கவில்லை. 1902இல் ஷார்லுவாவும் 1912இல் மாசிங்கரும் அவற்றையே மீண்டுங் கண்டனர், உரிமை அவர்களுக்காயிற்று. முன்னர்க் கண்டவரைச் சிறப்பிக்கும் பொருட்டே அவ்விரு பெயர்களும் இடப்பட்டன.

அவதான நிலையம் 1924இல் மிதக்காவுக்கு மாறிய பின்னர், அங்கு ஒக்குரோ ஒயிக்காவா இப்பணியைத் தொடர்ந்தார். அவர் 1927 பெப்ரவரியிற் கண்ட ‘பூஜி’ 1584ஆம் எண்ணையும், அதே ஆண்டு நவம்பரிற் கண்ட ‘தாமா’ 1089ஆம் எண்ணையும் பெற்றன. முந்திக் கண்டது பிந்திய எண்ணைப் பெற்றமை நோக்கத்தக்கது. எண் வழங்கப்படுவது ஒழுக்கு உறுதிப்பட்ட முறைப்படியே என்பதை இது காட்டும்.

இவ்விதி கடுமையானதெனினும் நீதியற்றதெனக் கூறுவதற்கில்லை. ஒழுக்கறியாக் கோள் எவருக்கும் பயன்படாது. ஆயினும், பட்டியலின் ஒரு நிரலை மட்டும் நோக்கும் வரலாற்று மாணவன் ஹிராயாமாவைக் காணான்; பெயர்களின் தோற்றத்தையும் வினவுபவனே அவரைக் காண்பான் என்பது எமது துணிபு.